'எனக்குத்தான் ஒரு அறிகுறியும் இல்லையே, நான் ஏன் டெஸ்ட் எடுக்கணும்?' - பால்வினைத் தொற்றுப் பரிசோதனை: எங்கே, எப்போது, எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று ரத்தம் எடுப்பது. ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலிலேயே எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகிய மூன்றும் இருக்கின்றன. பலருக்கு இது தெரியவே தெரியாது. ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று வந்து, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று நர்ஸ் சொல்லும்போதுதான் விஷயமே புரிகிறது.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யூகிக்கலாம். "உனக்கு எப்படி வந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்கிறவர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்த டெஸ்ட்டை எடுத்திருக்க மாட்டார்.

இங்கேதான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் டெஸ்ட் எடுத்தவர் என்பது வேறு, முதலில் தொற்று வந்தவர் என்பது வேறு. யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த வருஷம் போனது என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. சிபிலிஸ் உடம்புக்குள் பல வருஷங்கள் சத்தமில்லாமல் இருக்கும். எச்ஐவியும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் வந்தது, கல்யாணத்துக்குப் பிறகு தெரியலாம். அதோடு, சிபிலிஸுக்கு எடுக்கும் விடிஆர்எல் பரிசோதனை, கர்ப்ப காலத்தில் நோயே இல்லாமலும் ரியாக்டிவ் என்று காட்டுவது உண்டு. ஆக, ஒரு தாளை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் விசாரணை நடத்துவதில் அர்த்தமில்லை. இருவரும் டெஸ்ட் எடுப்பதுதான் அடுத்த வேலை.

அந்த டெஸ்ட்களைப் பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

அறிகுறி இல்லாமலே இருக்குமா?

இருக்கும். அதுதான் சிக்கலே. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே தினமும் 10 லட்சத்துக்கும் மேல் புதிதாக ஏற்படுகின்றன. இதில் பெரும்பாலானவற்றுக்கு அறிகுறியே இருப்பதில்லை. 2020-ல் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், ட்ரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று புதிதாக ஏற்பட்ட நிகழ்வுகள் சுமார் 37 கோடியே 40 லட்சம்.

கிளமிடியாவை எடுத்துக்கொள்வோம். பெண்களில் பலருக்கு வலி இல்லை, வெள்ளைப்படுதலில் வித்தியாசம் இல்லை, ஒன்றுமே தெரியாது. ஆனால் அது மெதுவாக மேலேறி கருக்குழாயைப் பாதிக்கலாம். சில வருஷம் கழித்து, குழந்தை இல்லை என்று கருத்தரிப்பு மையத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தால், குழாய் அடைப்பு என்பார்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

நம் ஊரில் 'கிரந்தி' என்று சொல்லப்பட்ட சிபிலிஸ் இன்னும் ஏமாற்றுக்காரன். தொற்று வந்து சுமார் மூன்று வாரத்தில் பிறப்புறுப்பிலோ, ஆசனவாயிலோ, வாயிலோ ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். "களிம்பு போட்டேன், சரியாப் போச்சு" என்று நினைத்துக்கொள்வார்கள். புண்தான் போனது, கிருமி போகவில்லை. பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பு வரலாம். அதுவும் தானாக மறையும். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. சிகிச்சை இல்லாவிட்டால் ஒரு பகுதியினருக்கு இதயம், மூளை, நரம்பு வரை போகும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம் அல்லது தொற்றோடு பிறக்கலாம்.

இத்தனைக்கும், ஆரம்பக் கட்ட சிபிலிஸுக்குச் சிகிச்சை ஒரே ஒரு பென்சிலின் ஊசி. 24 லட்சம் யூனிட் பென்சாதீன் பென்சிலின், இடுப்பில் போடுவார்கள். மருந்து கெட்டியாக இருப்பதால் நன்றாகவே வலிக்கும். அன்றைக்குக் காய்ச்சல் வந்தாலும் பயப்பட வேண்டாம், கிருமிகள் சாகும்போது சிலருக்கு அப்படி வருவதுண்டு. நாள்பட்ட தொற்று என்றால் வாரம் ஒன்று வீதம் மூன்று ஊசி.

'ஃபுல் பாடி செக்கப்' எடுத்துட்டேனே... போதாதா?

போதாது. லேப்கள் தள்ளுபடியில் கொடுக்கும் பேக்கேஜ்களில் எழுபது, எண்பது டெஸ்ட் இருந்தாலும், பெரும்பாலும் அவை சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு சம்பந்தப்பட்டவைதான். பால்வினைத் தொற்றுகளைத் தனியாகக் கேட்டுத்தான் எடுக்கணும்.

அதிலும் ஒரே டெஸ்ட்டில் எல்லாம் தெரியாது. எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி இந்த நான்கும் ரத்தத்தில் தெரியும். ஆனால் கிளமிடியாவும், 'வெட்டை' என்று சொல்லும் கொனோரியாவும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சிக்காது. அவற்றுக்கு சிறுநீர் அல்லது பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி வேண்டும். அதில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வகைப் பரிசோதனைதான் நம்பகமானது. இங்கே பலரும் ஏமாறுவது 'யூரின் ரொட்டீன்' ரிப்போர்ட்டைப் பார்த்து. அது நார்மல் என்று வந்தால் கிளமிடியா இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்த டெஸ்ட் அதைத் தேடவே இல்லை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டியது. வாய்வழி உறவோ ஆசனவாய் வழி உறவோ இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லணும். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீர் டெஸ்ட்டில் தெரியாது. எங்கே மாதிரி எடுப்பது என்பதை மருத்துவர் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். சொல்லாமல் விட்டால் நெகட்டிவ் ரிப்போர்ட் கையில் இருக்கும், கிருமி தொண்டையில் இருக்கும்.

ஹெர்பீஸுக்கு, கொப்புளம் இருக்கும்போது அதிலிருந்து மாதிரி எடுப்பதே சரி. ஒரு தொந்தரவும் இல்லாதவர் சும்மா ரத்தத்தில் ஹெர்பீஸ் டெஸ்ட் எடுப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, குழப்பம்தான் மிஞ்சும். எச்பிவிக்கு ஆண்களுக்கென்று வழக்கமான பரிசோதனை கிடையாது. பெண்கள் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

சனிக்கிழமை நடந்தது... திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ்!

அந்த நெகட்டிவுக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. கிருமி உடம்புக்குள் நுழைந்த நாளுக்கும், டெஸ்ட்டில் தெரியும் நாளுக்கும் இடையே ஒரு இடைவெளி உண்டு. மருத்துவர்கள் 'விண்டோ பீரியட்' என்பார்கள். இந்த நாட்களில் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரலாம், ஆனால் தொற்று இருக்கலாம், அடுத்தவருக்குப் பரவவும் செய்யலாம்.

எச்ஐவிக்கு, லேபில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையில் பொதுவாக 18 முதல் 45 நாட்களுக்குள் தெரிந்துவிடும். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் ரேப்பிட் கிட் என்றால் 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். சிபிலிஸுக்கும் மூன்று மாதக் கணக்கு பொருந்தும். கிளமிடியா, கொனோரியாவுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், இரண்டு வாரத்தில் பிசிஆரில் பெரும்பாலும் தெரிந்துவிடும். புண், சீழ், எரிச்சல் என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே போகணும்.

சிலர் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். "ரத்த தானம் பண்ணா அவங்களே ஃப்ரீயா டெஸ்ட் பண்ணிடுவாங்க" என்று. ரத்த வங்கியில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா பரிசோதிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் அந்தச் சோதனையைத் தாண்டிப்போய் இன்னொரு நோயாளியின் உடம்பில் ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இலவச டெஸ்ட்டுக்கு வேறு இடம் இருக்கிறது.

காத்திருக்கவே கூடாத ஒரு சூழ்நிலையும் உண்டு. எச்ஐவி ஆபத்து உள்ள தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெப் என்று பெயர், 28 நாட்கள் விடாமல் சாப்பிடணும். ஆணுறை கிழிந்ததோ, பாலியல் வன்முறையோ, ஊசி குத்தியதோ எதுவாக இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாம். தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எங்கே போவது?

அரசு மருத்துவமனைக்குள் போனால் இரண்டு பலகைகளைத் தேடுங்கள். ஒன்று 'நம்பிக்கை மையம்'. இது எச்ஐவி ஆலோசனை மற்றும் பரிசோதனைக்கானது. இன்னொன்று 'சுகவாழ்வு மையம்'. மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இங்கே. இரண்டிலுமே கட்டணம் இல்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனியாக ஒரு துறை உள்ளது. தனியாரிடம் போவதென்றால் 'தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்' என்று போர்டு இருக்கும் மருத்துவர்தான் சரியான ஆள். நாம் 'ஸ்கின் டாக்டர்' என்று சொல்வோமே, அவரேதான். அவருடைய வெயிட்டிங் ஹாலில் முகப்பருவுக்கு வந்தவரும் முடி கொட்டுவதற்கு வந்தவரும்தான் அதிகம் உட்கார்ந்திருப்பார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

நம்பிக்கை மையத்தில் ஊசிக்கு முன்னால் ஒரு உரையாடல் இருக்கும். கவுன்சிலர் பேசுவார். வார்டு கவுன்சிலர் இல்லை, ஆற்றுப்படுத்தும் ஆலோசகர். உங்கள் கதையைக் கேட்பார், டெஸ்ட் என்னவென்று சொல்வார், சம்மதம் வாங்குவார். கேள்விகள் சங்கடமாக இருக்கலாம். ஆனால் அவர் இதே கதையை அன்றைக்கே பத்து பேரிடம் கேட்டிருப்பார்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. எச்ஐவி டெஸ்ட்டுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவை. பாலியல் தொடர்பு பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் புகார் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

அரசு மையத்தில் ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஒரு கலர் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவதும் உண்டு. சிறுநீர்க் குழாயில் சீழ் வந்தால் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதல் தொந்தரவுக்குப் பச்சை, கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று பிரச்சினைக்கு ஒரு நிறம். அறிகுறியைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்கும் முறை இது. திரும்பி வருவாரோ மாட்டாரோ என்கிற நிலையில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் இதில் ஓட்டையும் இருக்கிறது. அறிகுறியே இல்லாதவருக்கு எந்த நிறப் பெட்டியும் இல்லை. கிளமிடியா, கொனோரியாவுக்கான பிசிஆர் எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைக்காது. தனியார் லேபில் எடுத்தால், விடிஆர்எல் சில நூறு ரூபாயில் முடியும், இது ஆயிரங்களுக்குப் போகும். மேலே சொன்ன அந்தக் கருக்குழாய் அடைப்பு, இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

இந்தியாவில் முதல் எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான்

1986. எய்ட்ஸ் எல்லாம் வெளிநாட்டு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் சிஎம்சியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதற்கப்புறம் 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டது ஞாபகம் இருக்கலாம். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏஆர்டி கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2017 முதல், எச்ஐவி உறுதியானால் எதிர்ப்பு சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்றெல்லாம் பார்க்காமல் எல்லோருக்கும் மாத்திரை. தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விட்டால், உடலுறவு மூலம் துணைக்கு எச்ஐவி பரவாது. புள்ளிராஜா காலத்துப் பயத்தை இன்னும் சுமந்துகொண்டு டெஸ்ட்டுக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

ரியாக்டிவ் என்றால் பாசிட்டிவா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. அரசு முறையில், எச்ஐவியை ஒரே டெஸ்ட்டில் உறுதி செய்ய மாட்டார்கள். அறிகுறி இல்லாதவருக்கு, வெவ்வேறு தயாரிப்பு கிட்களில் மூன்று முறை பார்த்து, மூன்றும் ரியாக்டிவ் என்றால்தான் பாசிட்டிவ். தனியார் லேப் ஒரே டெஸ்ட் எடுத்து பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். அதைப் பார்த்து இடிந்துபோய் உட்காராமல் நம்பிக்கை மையத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ளணும்.

சிபிலிஸிலும் இதே கதை. விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் ரியாக்டிவ் என்றால், டிபிஎச்ஏ மாதிரி இரண்டாவது டெஸ்ட் எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். இந்த டிபிஎச்ஏவில் ஒரு வேடிக்கை, ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், சிகிச்சை முடிந்து குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போனவர்கள் சிலர் இதில் மாட்டிக்கொண்டு தவிப்பதுண்டு. குணமாகியதா என்று பார்க்க ஆர்பிஆர் அளவுதான் உதவும். 1:32 என்று இருந்தது 1:8 ஆகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய ரிப்போர்ட்டையும் ஊசி போட்ட சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

யாருக்காவது தெரிந்துவிட்டால்?

எச்ஐவிக்கு இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக்கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக்கூடாது. வேலைக்குச் சேர்ப்பதற்கோ சிகிச்சை கொடுப்பதற்கோ 'எச்ஐவி டெஸ்ட் எடுத்துட்டு வா' என்று நிபந்தனை போடுவதும் தவறு.

வாழ்க்கைத் துணைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. துணைக்குத் தொற்று வரும் ஆபத்து இருந்து, பாதிக்கப்பட்டவர் தானாகச் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால், அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்வதால் அடி உதையோ, வீட்டைவிட்டுத் துரத்துவதோ நடக்கும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக்கூடாது, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தொடக்கத்தில் பார்த்தோமே, அந்த ராத்திரி... அதை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி மாதிரியே இருக்கிறது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று பயமாக இருந்தால், அந்தப் பயத்தையே ஆலோசகரிடம் சொல்லலாம். இருவரையும் கூப்பிட்டு அவரே பேசுவது உண்டு.

மற்ற தொற்றுகளுக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமை மட்டும் எல்லா மருத்துவருக்கும் உண்டு.

ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டா?

பிங்-பாங் ஆட்டம்தான். மனைவிக்குச் சிகிச்சை முடிந்து, கணவருக்குச் செய்யாவிட்டால் அடுத்த மாதமே அவருக்கு மறுபடியும் வரும். "மருந்து வேலை செய்யல" என்பார்கள். மருந்து வேலை செய்தது, ஆள் வரவில்லை. அறிகுறி இருக்கோ இல்லையோ துணையும் வரணும், இருவரும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்கணும். கிளமிடியா, கொனோரியாவுக்கு மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபரிசோதனை.

மெடிக்கல் ஷாப்பில் "எரிச்சலா இருக்கு" என்று சொல்லி இரண்டு நாளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது இன்னொரு பிரச்சினை. எரிச்சல் குறையும், தொற்று போகாது, டெஸ்ட்டிலும் சரியாகத் தெரியாது. கொனோரியா கிருமி ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அடங்காததாக மாறிவிட்டது. மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு 'ரகசிய நோய்'க்கு லேகியம் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராத்திரி நேரத்து டிவி ஸ்லாட்களில் அவர்களை வளர்த்துவிட்டதில் எங்களைப் போன்ற ஊடகங்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசியாகச் சில சந்தேகங்கள்

எங்கே போவது என்று தெரியவில்லை, நேரில் கேட்கவும் கூச்சம் என்றால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். இது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவி எண்.

வெறும் வயிற்றில் போகணுமா? வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம். மாதவிடாய் நேரமா? ரத்தப் பரிசோதனைக்குத் தடை இல்லை. பெண்களுக்கு உள்ளே இருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஆன்டிபயாட்டிக் இருந்தால், மாதிரி கொடுக்கும்வரை தொடங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

கிளமிடியா, கொனோரியாவுக்குச் சிறுநீர் கொடுப்பதென்றால், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்கணும். மற்ற யூரின் டெஸ்ட்டுக்குச் சொல்வது போல முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கக்கூடாது. இதற்கு முதலில் வருவதுதான் வேணும்.